மீர்ஸா பார்க்காத கொடி

மீர்ஸா அந்தச் சிவப்புக் காரை சல்மாபாதில் இருக்கும் என் பட்டறைக்கு ஓட்டி வந்தபோது, அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் முப்பத்தொரு வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர். அதுவரை அவர் என்னிடம் கொண்டுவந்ததெல்லாம் வீட்டுக்கார் ஒன்றுதான். எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, பக்கவாட்டில் விழுந்த கீறலுக்குப் பூச்சு அடிப்பது, இவ்வளவுதான் வேலை. இப்போது வந்து நின்றதோ இரண்டே இருக்கை கொண்ட, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஜப்பான் வண்டி. பழையதுதான், ஆனால் எஞ்சின் நல்ல நிலையில் இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது.

“அந்தூன், வெளிய வா! என் ரெண்டாவது பொண்டாட்டியப் பாரு!” என்று கத்தினார். அந்தோணி என்கிற என் பெயரை அவர் முதல் நாளிலேயே அந்தூன் ஆக்கிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தீவில் எனக்கு அதுதான் பெயர்.

“மொதல் பொண்டாட்டி பக்கத்துலதான் உக்காந்திருக்கா. காது நல்லாவே கேக்குது,” என்றார் உள்ளேயிருந்து நயீமா. அந்த இருக்கையிலிருந்து எழுந்து வெளியே வர அவருக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. “எறங்கவே கிரேன் வேணும் போலிருக்கு. இதுல ஏறித்தான் இவரு வாலிபனாகப் போறாராம்.”

அவர்கள் வீடு மால்கியாவில். தெற்குக் காற்று அடித்தால் சகீர் ஓட்டப்பாதையிலிருந்து பந்தயக் கார்களின் இரைச்சல் மொட்டை மாடிவரை கேட்கும். பந்தய வாரத்தில் மீர்ஸா மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அந்த வாரங்களில் எப்போதும் யாருடைய ஷிஃப்டையாவது மாற்றி எடுத்துக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்றதும் முதலில் செய்த காரியம், குளிர்காலத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பாதையைப் புதியவர்களுக்காக எடுத்து நடத்தும் கார் கழகம் ஒன்றில் பெயர் கொடுத்ததுதான். தம்பதியாகப் பெயர் கொடுத்தால் இடம் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதால் நயீமாவின் பெயரையும் கேட்காமலே எழுதிவிட்டார்.

நயீமா பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளர். பத்தொன்பது வயதில் மீர்ஸாவுக்கு வாழ்க்கைப்பட்டவர். ஒரே மகள் ரபாப் குவைத்தில் குடும்பம் நடத்துகிறாள். நயீமா உரிமம் எடுத்ததே நாற்பது வயதில். பள்ளிக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை. பக்கத்தில் மீர்ஸா இருந்தால் அதுவும் இல்லை. எப்போதாவது அவர் ஓட்டினால், மீர்ஸா தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

முதல் சனிக்கிழமை ஜனவரியில் வந்தது. வண்டியைக் கவனித்துக்கொள்ள நானும் போனேன். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். பெண்கள் இரண்டே பேர்: நயீமாவும் பல் மருத்துவம் படிக்கும் ஒரு பெண்ணும். சொல்லிக்கொடுப்பவர் நிதால் என்கிற ஜோர்டான்காரர். ஒரு காலத்தில் மலைப்பாதைப் பந்தயங்களில் ஓட்டியவராம். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அவர் கொடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

“மஞ்சள்னா என்ன?”

“முன்னாடி ஆபத்து. வேகத்தக் கொறைக்கணும், யாரையும் முந்தக்கூடாது,” என்று மற்றவர்கள் வாய் திறக்குமுன் மீர்ஸா சொன்னார். சிவப்பு, நீலம், கறுப்பு, எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தார்.

“அபு ரபாப், மத்தவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க,” என்று நிதால் சிரித்தார். பிள்ளையின் பெயரைச் சேர்த்து அப்பாவை அபு என்றும் அம்மாவை உம் என்றும் கூப்பிடுவது இங்கே மரியாதை.

தலைக்கவசம் போடும்முன் முக்காட்டில் ஊசி எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். நயீமா ஒவ்வொன்றாக எடுத்து ஒரு காகிதத் தேநீர்க் கோப்பையில் போட்டு என்னிடம் நீட்டினார். “பத்திரம் அந்தூன். இதெல்லாம் இல்லாம ஊருக்குள்ள போனா எங்க அக்கா என்னக் கொன்னுடுவா.” கோப்பைக்குள் ஊசிகள் கிணுகிணுத்தன.

முதலில் மீர்ஸா போனார். நிதால் பக்கத்தில் அமர்ந்தார். இருபது நிமிஷம். திரும்பி வந்து இறங்கியபோது மீர்ஸாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகத்தில் ஒரு பள்ளிப் பையனின் சிரிப்பு. என்னைக் கட்டிக்கொண்டார். “முப்பது வருஷம் ஆலையில மீட்டர் முள்ளப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், அந்தூன். இன்னிக்கித்தான் முள்ளு என்னப் பாத்துது.”

நிதால் கையுறையைக் கழற்றியபடி கேட்டார்: “எட்டாவது திருப்பத்துல மஞ்சக் கொடி காட்டினாங்களே, பாத்தீங்களா?”

“எந்தக் கொடி?”

“ரெண்டு சுத்து விடாம காட்டினாங்க.”

“இல்லியே. யாரும் காட்டல.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நிதாலும் சிரித்துவிட்டார். முதல் நாள் யாருக்கும் கொடி தெரியாது, கண் சாலையை மட்டும்தான் பிடிக்கும், போகப்போகச் சரியாகும் என்றார். நானும் சிரித்தேன்.

நயீமா போனபோது மீர்ஸா தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்று ஒவ்வொரு சுற்றையும் எண்ணினார். ஒவ்வொரு சுற்றிலும் யாராவது நயீமாவை முந்தினார்கள். ஒரு முறை பல் மருத்துவப் பெண்ணும். “இன்னும் கொஞ்சம் மெதுவாப் போனா ஒட்டகம் முந்தும்,” என்றார் மீர்ஸா, சத்தமாக. நயீமா இறங்கி நேராகக் கழிவறைக்குப் போனார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

“வீட்டுக்குப் போலாம்,” என்றார்.

நிதால்தான் நிறுத்தினார். “உம் ரபாப், ஒண்ணே ஒண்ணு. நீங்க முன்னாடி போற காரோட பின்பக்கத்தையே பாக்குறீங்க. அத விடுங்க. திருப்பம் முடியுற எடத்தப் பாருங்க. கண்ணு எங்க போகுதோ கை அங்க போகும். இன்னொரு தடவ என் கூட வாங்க. புடிக்கலன்னா நானே உங்கள வீட்டுல கொண்டுபோய் விடுறேன்.”

இரண்டாவது முறை நயீமாவை நான்கு பேர்தான் முந்தினார்கள். மூன்றாவது முறை யாரும் முந்தவில்லை. அவர் இறங்கிவந்து ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “அடுத்த சனிக்கெழம எப்போ?”

“அடுத்த மாசம்.”

“ஒரு மாசமா?” என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

அந்தக் குளிர்காலத்தில் இருவருக்கும் நடந்தது நேர் எதிராக இருந்தது. ஒரு காரை முறை போட்டு ஓட்டினார்கள். நயீமா ஆய்வுக்கூடத்தில் குறிப்பெடுப்பது போல ஒவ்வொரு திருப்பத்துக்கும் எங்கே பிரேக், எந்தக் கியர் என்று எழுதிவைத்தார். பட்டறைக்கு வந்து டயரைத் தொட்டுப் பார்த்து, ஏன் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது என்று கேட்பார். பள்ளியில் மாணவிகளுக்கு விஷயம் தெரிந்து, தாழ்வாரத்தில் அவர் போகும்போது வாயால் எஞ்சின் சத்தம் எழுப்பினார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. பிப்ரவரியில் நிதால் அவரைத் தனியாக ஓட்ட அனுமதித்தார்.

மீர்ஸாவை அனுமதிக்கவில்லை. நேர்ச்சாலையில் அவர் வேகமாகத்தான் போனார், சரியாகவும் போனார். ஆனால் பக்கத்தில் வண்டி வந்தால் தெரியாது. அவர் பாட்டுக்குத் திருப்புவார், அந்த வண்டிக்காரன் சரளையில் இறங்கித் தப்பிப்பான். ஓரத்தில் வைத்திருந்த கூம்புகளை இடித்துத் தள்ளினார். கேட்டால் ஒரே பதில்: “எங்கேர்ந்து வந்தான்னே தெரியல.” ஒவ்வொரு முறையும் அடுத்தவன் மேல்தான் தப்பு. நிதால் அவரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவு கட்டிவிட்டார். நானும்தான். பட்டறையில் தரையில் கிடந்த ஜாக்கியில் இரண்டு முறை கால் தடுக்கி விழப்போனார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவர் நயீமாவோடு அதிகம் பேசுவதை நிறுத்தினார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஒருநாள் சாப்பாட்டின்போது, “உனக்கு நெதாலு நல்லாச் சொல்லிக்குடுக்குறான். எனக்குக் கொறைதான் சொல்றான்,” என்றாராம். நயீமாவைக் குத்த அதுவே போதுமானதாக இருந்தது.

மார்ச் மாதச் சனிக்கிழமைதான் அந்தக் குளிர்காலத்தின் கடைசி. முடிவில் எல்லா வண்டிகளும் வரிசையாகச் சில சுற்று வருவது உண்டு: வேகம் குறைவு, யாரும் முந்தக்கூடாது, தனியாக ஓட்ட அனுமதி இல்லாதவர்களும் ஓட்டலாம், வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளலாம். எல்லோரும் குழந்தைகளையும் தம்பிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். மீர்ஸா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டி, “வா, உம் ரபாப். கல்யாணத்தன்னிக்குக் கூட்டிட்டு வந்த மாதிரி கூட்டிட்டுப் போறேன்,” என்றார். பல வாரம் கழித்து அவரிடமிருந்து வந்த நல்ல வார்த்தை. நயீமா ஓடிப்போய் ஏறினார்.

மூன்றாவது சுற்றில் முன்னால் போன ஒரு கார் திருப்பத்தில் சுழன்று, வலது ஓரத்தில் மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டது. ஓட்டியவன் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டிருந்தான். அதற்கு வெகு முன்பாகவே வலது பக்கம் ஒருவர் மஞ்சள் கொடியை விடாமல் வீசிக்கொண்டிருந்தார். எல்லா வண்டிகளும் வேகத்தைக் குறைத்தன. சிவப்பு வண்டி குறைக்கவில்லை.

நயீமா எனக்குச் சொன்னது இது: “நான் ‘மஞ்சக் கொடி, மஞ்சக் கொடி’ன்னு கத்துறேன். அவரு ‘எங்க? எங்க?’ன்னு கேக்குறாரு. கேலியா இல்ல, அந்தூன். நெஜமாவே தேடுறாரு. தலையத் திருப்பாம கண்ணு மட்டும் நேரா. பதினஞ்சடி தூரத்துல ஒருத்தர் அவ்வளவு பெரிய துணிய ஆட்டுறாரு. அவரு அதத் தாண்டிப் போறாரு, பாக்கவே இல்ல.”

நயீமா ஸ்டியரிங்கைப் பிடித்து இடது பக்கம் இழுத்தார். மீர்ஸா பயந்துபோய் பிரேக்கை முழுதாக மிதித்தார். வண்டி ஒன்றரை வட்டம் சுழன்று இடதுபுறச் சரளையில் புதைந்தது. கதவைத் திறந்து இறங்கிய பையன் இருந்த இடத்தை வண்டியின் வால் ஒரு கை அகலத்தில் கடந்து போயிருந்தது. நான் தடுப்புச் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இழுத்துவந்த வண்டியிலிருந்து இறங்கியதும் மீர்ஸா கத்த ஆரம்பித்தார். “பைத்தியமா உனக்கு? ஸ்டியரிங்க யாராவது புடிப்பாங்களா? ரெண்டு நாள் ஓட்டிட்டு என்னவிடப் பெரிய ஆளாயிட்டியா?” அத்தனை பேர் முன்னாலும். நிதால் குறுக்கே வந்தார். “அபு ரபாப், அவங்க மட்டும் புடிக்கலன்னா இப்ப நாம ஆம்புலன்ஸுக்கு நின்னுட்டிருப்போம். இனி நீங்க இங்க ஓட்ட முடியாது. மன்னிச்சுக்குங்க.”

நயீமா என்னிடமிருந்து ஊசிகளை வாங்கி, கண்ணாடி இல்லாமலே முக்காட்டைக் குத்திக்கொண்டு, சாவியைக் கேட்டார். வீட்டுக்கு அவர்தான் ஓட்டினார்.

மறுநாள் மத்தியானம் மச்பூஸ் சோறு சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும், மீர்ஸாவை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். எதிரே ஒரு முழம் தள்ளித் தானும் உட்கார்ந்தார்.

“என் மூக்கையே பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க.”

“என்ன வெளையாட்டு இது?”

“பள்ளிக்கூட வெளையாட்டு. பாருங்க.”

ஒரு வெள்ளைக் கைக்குட்டையைத் தன் காதுக்கு வெளியே தூரமாகப் பிடித்து, மெதுவாக உள்ளே கொண்டுவந்தார். தெரிந்ததும் சொல்லச் சொன்னார். மீர்ஸா மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, கன்னத்துக்கு வந்தது. மீர்ஸா, “இன்னும் ஆரம்பிக்கலியா?” என்று கேட்டார். அது நயீமாவின் கண்ணருகே வந்த பிறகுதான், “ஆங், இப்பத் தெரியுது,” என்றார். மறுபக்கமும் அப்படியே. மேலேயும் கீழேயும் அப்படியே. நயீமா கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டு அழுதார். மீர்ஸாவுக்கு எதற்கென்று புரியவில்லை. புரிந்தபோது அவர் தானே கைக்குட்டையை எடுத்து, தன் கையால் பிடித்து, நான்கைந்து முறை செய்து பார்த்தாராம்.

கண் மருத்துவர் ஓர் இருட்டறையில் மீர்ஸாவை உட்காரவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். பொத்தான் சத்தம் எப்போதாவதுதான் கேட்டது. வந்த காகிதத்தில் நடுவில் ஒரு நாணயம் அளவு வெளுப்பு, மற்றதெல்லாம் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார். வலி இருக்காது. நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்துவிடலாம். ஆலையில் வருஷா வருஷம் மீர்ஸா அதைத்தான் செய்தார். போனது திரும்பாது. சொட்டு மருந்து போட்டால் மிச்சம் கொஞ்ச நாள் தங்கலாம்.

“எவ்வளவு நாளா இருக்கும்?” என்று நயீமா கேட்டார்.

“இந்த அளவுக்கு வர ஏழெட்டு வருஷமாவது ஆகும். வண்டி ஓட்டுறீங்களா, ஹஜ்ஜி? விபத்து ஏதாவது?”

மீர்ஸா, “இல்ல,” என்றார். நயீமா தரையைப் பார்த்தார். பிறகு மீர்ஸாவே, மருத்துவர் அடுத்த காகிதத்தை எடுத்த பிறகு, “ஒண்ணு,” என்றார்.

அது ஆறு வருஷத்துக்கு முன்னால், புதைய்யா சாலையில், தோட்டங்கள் இருக்கும் பகுதியில். மாலை நேரம். வலது ஓரத்தில் சைக்கிளில் போன வங்காளதேசத் தோட்ட வேலையாள் ஒருவனை மீர்ஸாவின் கார் அடித்தது. பெயர் தொஃபாஸல். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ‘திடீர்னு குறுக்க வந்தான், சைக்கிள்ல விளக்கும் இல்ல’ என்று மீர்ஸா சொன்னார். அவருக்கு அது சத்தியம். அவர் கண்டது அதைத்தான். நேரில் பார்த்தவர் வேறு யாருமில்லை. அவர் சொன்னபடியே எழுதப்பட்டது, தப்பு சைக்கிள்காரன் மேல் முடிந்தது. ஐந்து மாதம் கழித்து அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மீர்ஸா ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிப் போனார். தப்பு செய்தவனைக்கூடப் போய்ப் பார்த்த நல்ல மனுஷன் என்று ஊரில் பேர். விளக்கில்லாத சைக்கிள்காரர்களைப் பற்றி அவர் என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

மருத்துவமனையிலிருந்து நேராக என் பட்டறைக்கு வந்தார்கள். மீர்ஸா காரிலிருந்து இறங்கவில்லை. “அந்தூன், உனக்கு வங்காளிங்க நெறையப் பேரத் தெரியும். அவனக் கண்டுபுடிச்சுக் குடு.”

“எதுக்கு?” என்று நயீமா கேட்டார். குரலில் கோபம் இருந்தது. “ஆறு வருஷம் ஆச்சு. இப்பப் போய் என்ன சொல்லப் போறீங்க? நீங்க என்ன தெரிஞ்சா செஞ்சீங்க?”

“தெரியாமத்தான் செஞ்சேன். தெரிஞ்சப்புறம் சும்மா இருந்தா, அது தெரிஞ்சே செய்யறது.”

கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அந்தத் தோட்டத்தில் பழைய மேஸ்திரி ஒருவர் இன்னும் இருந்தார். அவர் வழியாக வங்காளதேசத்தில் நேத்ரகோனாப் பக்கம் ஒரு கிராமத்து எண் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மால்கியா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, முகம் தெரியும் அழைப்பில் கூப்பிட்டோம். தொஃபாஸலுக்குப் பத்து வருஷத்து அரபி மிச்சமிருந்தது. நாற்பது வயதுக்காரன், அறுபது போலத் தெரிந்தான். பின்னால் சுவரில் ஒரு ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. மீர்ஸாவை அடையாளம் கண்டுகொண்டு, “அபு ரபாப்! பழம் கொண்டு வந்தீங்களே!” என்று சந்தோஷப்பட்டான். மீர்ஸாவால் போனைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

“தொஃபாஸல், அன்னிக்கு நீ குறுக்க வரல. ஓரமாத்தான் போயிருக்கே. எனக்குக் கண்ணு தெரியல. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. தப்பு என்னுது.”

படம் உறைந்துவிட்டதோ என்று நான் போனைத் தட்டினேன்.

“நான் அன்னிக்கே சொன்னேன், ஓரமாத்தான் போனேன்னு,” என்றான் தொஃபாஸல். “யாரும் கேக்கல. அப்புறம் நானே நெனச்சுக்கிட்டேன், தூக்கக் கலக்கத்துல நடுவுல வந்துட்டேன் போலன்னு. என்ன அனுப்பி வைக்க எங்கண்ணன் நெலத்த வித்தாரு. நான் கவனமில்லாம எல்லாத்தையும் தொலைச்சுட்டேன்னு எங்கூடப் பேசுறத நிறுத்திட்டாரு. போன வருஷம் செத்துப்போனாரு. கடைசிவரைக்கும் பேசல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டான்: “ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா, அபு ரபாப்?”

நயீமா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு நின்றார். தண்ணீர் ஓடும் சத்தம் அழைப்பு முடியும்வரை கேட்டது.

சிவப்புக் காரை விற்று அந்தப் பணத்தை அனுப்புவது என்று மீர்ஸா முடிவு செய்தார். நயீமாவிடம் கேட்டபோது அவர் உடனே சரி என்றார். ஆனால் வாங்குகிறவனிடம் ஒப்படைக்கும் முன்பு வண்டியைக் கழுவ என்னிடம் விடவில்லை, தானே கழுவினார். சக்கரங்களின் இடுக்கில் சிக்கியிருந்த சரளைக் கற்களைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுத்தார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பணம் போய்ச் சேர்ந்தது என்று மேஸ்திரி சொன்னார். தொஃபாஸல் அதற்குப் பிறகு மீர்ஸாவின் அழைப்பை எடுக்கவில்லை. மீர்ஸா கொஞ்ச நாள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அவன் எடுக்காததுதான் சரி,” என்று விட்டுவிட்டார்.

உரிமத்தைத் தானே போய்த் திருப்பிக் கொடுத்தார். வெளியே வருவது குறைந்தது. கண்ணைப் பற்றிக் கேட்டால் பேசுவார். கார்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். அந்த வருஷப் பந்தய வாரத்தில் தெற்குக் காற்று நன்றாகவே அடித்தது. அவர் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார்.

அடுத்த குளிர்காலம் வந்ததும் நிதால் நயீமாவைக் கூப்பிட்டார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. கழகத்தின் பயிற்சிக் கார் ஒன்று சும்மா நிற்கிறது, வந்து ஓட்டுங்கள், இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டவரை நான் பார்த்ததில்லை என்றார். நயீமா மறுத்தார். மூன்றாவது அழைப்புக்குப் பிறகு எனக்கு போன் செய்து, “சனிக்கெழம பட்டறய மூட முடியுமா?” என்று கேட்டார். மீர்ஸாவிடம் பள்ளியில் கூட்டம் என்று சொல்லியிருந்தார்.

போனோம். தலைக்கவசம், கையுறை, கதவில் எண் எழுதிய ஒட்டு நாடா, எல்லாம் முறைப்படி நடந்தது. நயீமா தனியாக ஏறினார். முதல் சுற்றில் நன்றாகவே வந்தார். நிதால் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவது சுற்றில் வண்டி மெதுவாகியது. மூன்றாவதில் இன்னும் மெதுவாக. எல்லாரும் முந்திக்கொண்டு போனார்கள். பழுது என்று நினைத்து நான் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

உள்ளே வந்து எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். நிதால் குனிந்து, “என்னாச்சு, உம் ரபாப்?” என்றார்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு.” தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “நீங்க சொன்னீங்கல்ல, திருப்பம் முடியுற எடத்தப் பாக்கணும்னு. என்னால முடியல. ஓரத்துல நிக்குற ஆளுங்கதான் தெரியுறாங்க. ஒவ்வொருத்தரும். கொடி புடிச்சிருக்கறவரு, தண்ணி குடிக்கிறவரு, குனிஞ்சு ஷூ கயிறு கட்டுறவரு. எல்லாரும் தெரியுறாங்க. எப்படி வேகமாப் போறது?”

நிதாலுக்கு தொஃபாஸலைப் பற்றித் தெரியாது. “கொஞ்ச நாளாகும். அடுத்த மாசம் வாங்க,” என்றார். நயீமா அவருக்கு நன்றி சொன்னார், வருகிறேன் என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில், மால்கியா வருவதற்கு முன்னால், பேரீச்சந்தோட்டத்து மதிலோரம் நிறுத்தினார். முன்னாலிருந்த கண்ணாடியைத் தாழ்த்தி, அதில் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாலையில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

வாசலில் மீர்ஸா நின்றிருந்தார். கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சத்தம் வந்த திசையில் முகத்தைத் திருப்பியிருந்தார்.

“கூட்டம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது,” என்றார் நயீமா. “உள்ள வாங்க. கண்ணுக்கு மருந்து போடுற நேரம்.”